ஜிம் பையன்களின் மூட்டு வலி

ஜிம்முக்குப் போகும் 22, 23 வயதுப் பையன் யாராவது தோள் வலி, முழங்கை வலி என்று வந்து உட்கார்ந்தால், கையைத் தூக்கச் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு தாளை நீட்டிவிடுவேன். அதில் உடம்பு ஏற்ற ஜிம்மில் எடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள், பவுடர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எதை எடுத்தாயோ அதற்கு டிக் அடி, வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம், வீட்டில் யாருக்கும் காட்ட மாட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

நான் குன்னூரில் பிசியோதெரபிஸ்ட். பையன்கள் அக்கா என்பார்கள், சிலர் மேடம் என்பார்கள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, "ஊசி போட்டுட்டிருக்கேன், நெஞ்சு வீங்குது, கீழ சுருங்கிப் போச்சு" என்று எந்தப் பையனுக்குச் சொல்ல வரும்? "வேற ஏதாவது எடுக்கறியா தம்பி?" என்று கேட்டால், "புரோட்டீன் மட்டுந்தாங்க்கா" என்பதுதான் எப்போதும் பதில். தாளைக் கொடுத்தால் அப்படியில்லை. பேனாவை வாங்கி, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்து, முதலில் புரோட்டீனுக்கு ஒரு டிக். கிரியேட்டினுக்கு ஒரு டிக். அப்புறம் பேனா நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, மற்றதைவிடச் சின்னதாக, டெக்கா என்ற ஸ்டீராய்டு ஊசிக்குப் பக்கத்தில் ஒரு டிக் விழும்.

ஹார்மோன் என் துறை இல்லை. மூட்டும் தசையும்தான் என் வேலை. ஆனால் ஊசி போடும் பையனின் மூட்டை மட்டும் தனியாகப் பிரித்து வைத்தியம் பார்க்க முடியாது. அவனுக்கு வலி வருவதும், வலி காணாமல் போவதும், திரும்ப வருவதும் அவன் எந்த வாரம் எதை ஏற்றினான், எதை நிறுத்தினான் என்பதைப் பொறுத்தே நடக்கிறது. தோளுக்கு அல்ட்ராசவுண்ட் வைத்து அனுப்பிவிட்டால், அடுத்த மாதம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவான்.

இங்கே மலையில் பையன்களுக்கு உடம்பு ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் எனக்கு வருத்தம். கேத்தி பக்கம் கேரட் மூட்டை ஏற்றிய தோள்கள், தோட்டத்தில் இலை மூட்டை தூக்கிய முதுகுகள். மேடும் இறக்கமும் நடந்தே வளர்ந்த கால்கள். வெலிங்டன் பக்கத்தில் இருப்பதால் ராணுவத் தேர்வுக்குத் தயார் செய்பவர்களும் அதிகம். இவர்களுக்கு ஆணழகன் போட்டி போஸ்டரில் இருப்பவனின் உடம்பு மூன்று மாதத்தில் வேண்டும். ஜிம்மில் மூத்த பையன் ஒருவன் "ஒரு கோர்ஸ் போடு" என்பான். கோர்ஸ் என்றதும் ஆன்டிபயாடிக் மாதிரி ஏதோ டாக்டர் எழுதியது போலத் தோன்றிவிடுகிறது. சில மருந்துக்கடைகளில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. மீதி, பார்சலில் வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது லேபிள் ஒட்டியவனுக்குத்தான் வெளிச்சம்.

கோத்தகிரி பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். பெஞ்ச் பிரஸ், கடைசி செட், பாரை நெஞ்சு வரை இறக்கி மேலே தள்ளும்போது 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கிறது. என்னிடம் வரும்போது மேல்கை உள்பக்கம் முழுக்கக் கருநீலம். சட்டையைக் கழற்றி இரண்டு கையையும் பக்கவாட்டில் விரிக்கச் சொன்னேன். இடது அக்குளின் முன்மடிப்பு தடிமனாக இருந்தது, வலதில் அந்த மடிப்பே இல்லை. மார்புத் தசை எலும்பிலிருந்து கழன்று உள்ளே சுருண்டுவிட்டது. இதற்கு எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பே பதில் தெரிந்துவிடும். கூட வந்த அண்ணன், "தைலம் போட்டு நீவி விட்டா சரியாயிடுமாங்க?" என்று கேட்டார். அன்றைக்கே கீழே கோயம்புத்தூருக்கு எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். இந்த மாதிரி முழுதாக அறுந்ததைச் சில வாரங்களுக்குள் தைத்தால்தான் தசையை இழுத்துப் பழைய இடத்தில் வைப்பது சுலபம். தள்ளிப்போட்டால் அது சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அறுவை சிகிச்சையும் சிக்கலாகும்.

ஏன் இப்படி அறுகிறது? ஆண்ட்ரோஜன் ஊசி, அதாவது டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன் ஊசி, தசையைச் சில வாரங்களில் ஊத வைத்துவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் அந்த வேகத்தில் வளராது. (நம் ஊரில் தசைநாண், தசைநார், குருத்தெலும்பு எல்லாமே 'ஜவ்வு'தான்.) அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. மாதக்கணக்கில் சுமை கொடுத்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படும். 2013-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதை விசித்திரமான ஒரு வழியில் அளந்தார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறியது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் உடம்பிலும் அது பதிந்தது. குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணில் அதை அளந்து பார்த்தபோது, உள்மையத் திசு ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவானதோடு சரி, பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. அதே பழைய கயிற்றில் இலை மூட்டையை மட்டும் இரண்டு மடங்காக்கித் தொங்கவிட்ட கதைதான். போதாததற்கு, ஸ்டீராய்டு கொடுத்து உழைக்க வைத்த விலங்குகளில் தசைநாண் விறைப்பாகி, நெகிழ்வு குறைந்ததாகவும் ஆய்வுகள் உண்டு.

மனிதர்களிலும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் நீண்ட நாள் எடை தூக்கிய, 35 முதல் 55 வயது வரையிலான 142 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஸ்டீராய்டு எடுத்த 88 பேரில் 19 பேருக்கு ஏதோ ஒரு தசைநாண் அறுந்திருந்தது. எடுக்காத 54 பேரில் 3 பேருக்கு. இதைப் பையன்களிடம் சொன்னால், "அப்ப 69 பேருக்கு ஒண்ணும் ஆகலையேக்கா" என்பான் ஒருவன். அந்த 19-இல் ஒருவனாக மேசையில் படுத்திருக்கும்போது இந்தக் கணக்கு வராது.

இது சுலபமாகப் புரியும் பகுதி. அடுத்தது சுற்றி வளைத்து வருவது.

வெயிட் தூக்கி அறுந்ததும் இல்லை, வீக்கமும் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் விரல், மணிக்கட்டு, முழங்கால், தோள் எல்லாம் இறுகிக் கிடக்கிறது, படி இறங்கினால் சுருக்கென்கிறது என்று ஒரு பையன் வந்தான். வயது 26. டிசம்பர் மாதம் என்பதால் பனி, குளிர் என்று அவனே காரணமும் சொன்னான். குளிரில் மூட்டு விறைப்பது உண்மைதான், ஆனால் அவன் பிறந்து வளர்ந்தது இந்தக் குளிரில்தானே! தாளில் டிக் எதுவும் புதிதாக இல்லை. கீழே, தாளில் நான் போடாத ஒரு பெயரை அவனே எழுதியிருந்தான்: லெட்ரோசோல்.

டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு மீறி உள்ளே போனால், அதில் ஒரு பகுதியை உடம்பு அரோமடேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். அதனால்தான் சிலருக்கு மார்புக் காம்புக்கு அடியில் கட்டி போல வீங்குகிறது. அதற்குப் பயந்து, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோலையும் அனாஸ்ட்ரோசோலையும் பையன்கள் தினமும் விழுங்குகிறார்கள். அவை அரோமடேஸை அடைத்து ஈஸ்ட்ரோஜனை வெகுவாகக் குறைத்துவிடும். அந்த மாத்திரை சாப்பிடும் பெண்கள் மருத்துவரிடம் அதிகம் சொல்லும் புகார்களில் ஒன்று மூட்டு வலி. வலி தாங்காமல் மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. ஐம்பது வயதுப் பெண்ணின் மூட்டுக்கு நடப்பதுதான் இந்த 26 வயது ஆணின் மூட்டுக்கும் நடந்துகொண்டிருந்தது.

ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கானது, ஆணுக்கு அது ஒரு துளி இருந்தாலும் கேவலம் என்று ஜிம்மில் யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. ஆணுக்கு எலும்பு அடர்த்தி நிற்பதற்கே அது வேண்டும். ஆசைக்கும் அது வேண்டும், 2013-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில் ஈஸ்ட்ரோஜன் குறைந்த ஆண்களுக்குப் பாலியல் நாட்டம் குறைந்து, கொழுப்பு கூடியது. இதைச் சொன்னபோதுதான் அந்தப் பையன் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்பினேன், அவர் மேற்பார்வையில் மாத்திரை நின்றது. விறைப்பு ஒரே நாளில் போகவில்லை, மெல்ல மெல்லத்தான் விட்டது. ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டை எடுப்பவர்களும் இதே மாதிரி 'மூட்டு காய்ஞ்சு போச்சு' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சனின் தங்கத்தைப் பிடுங்கிய அதே மருந்துதான், இன்றைக்கும் நம் மலைக்குப் பார்சலில் ஏறி வருகிறது.

டெக்கா இதற்கு நேர்மாறு. அதன் மருந்துப் பெயர் நாண்ட்ரோலோன், அதைப் போட்டால் மூட்டு வலி குறைகிறது என்று பையன்கள் சத்தியம் செய்வார்கள். உடம்பில் நீர் கோக்கிறது, வலி தெரியாமல் போகிறது. வலி போனதால் எடையைக் கூட்டுகிறார்கள். தேய்ந்துகொண்டிருக்கும் தோளின் மீது இன்னும் இருபது கிலோ. நான் பார்த்தவரை, டெக்கா பையன்கள் மற்றவர்களைவிடத் தாமதமாக வருகிறார்கள். வரும்போது கோர்ஸ் முடிந்திருக்கும், மறைந்திருந்த வலி எல்லாம் சேர்த்து வந்திருக்கும்.

கோர்ஸ் முடிந்த அந்த மாதங்கள்தான் மோசமானவை. ஆரோக்கியமான ஆணின் உடம்பு நாளுக்கு ஏறக்குறைய 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. பையன்கள் வாரத்துக்கு 500 மில்லிகிராம் ஊசியைச் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடுகிறது. அந்த உத்தரவு வராததால் விரைகள் டெஸ்டோஸ்டிரோனையும் விந்தணுவையும் உண்டாக்குவதை நிறுத்திச் சுருங்குகின்றன. ஊசியை நிறுத்தினால் மறுநாளே எல்லாம் ஓடத் தொடங்காது. பல மாதங்கள் ஆகலாம், ஒரு வருடத்தைத் தாண்டலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அந்த இடைவெளியில் சோர்வு, தூக்கமின்மை, மனச்சோர்வு, தசை இறக்கம், கூடவே மூட்டு வலி. இதைத் தாங்காமல்தான் அடுத்த கோர்ஸ் தொடங்குகிறது.

கல்யாணமாகி இரண்டு வருடமான ஒருவர் முழங்கை வலிக்காக வந்தார். வலிக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, குழந்தை இல்லை என்று அவர் மனைவியை ஊர் ஊராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாகத் தெரிந்தது. இவருக்கு ஒரு பரிசோதனையும் எடுக்கவில்லை. மாமியார் விரதம், மருமகளுக்குப் பத்தியம். தாளில் இவர் போட்ட டிக்குகளை வைத்துக்கொண்டு நான் சொன்னது இதுதான்: உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடையாகவே டெஸ்டோஸ்டிரோன் ஊசியைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. வாரம் 200 மில்லிகிராம். 1990-இல் வெளியான அந்த ஆய்வில் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. நீங்கள் போடுவது அதைவிட அதிகம். மனுஷன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத அவகிட்ட எப்படிங்க சொல்றது?" என்றார். மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் வைத்துச் சொல்லுங்கள் என்றேன். சொன்னாரா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் விந்துப் பரிசோதனை எடுத்ததை அவரே வந்து சொன்னார்.

இன்னொரு ரகம் உண்டு. ஊசிக்குப் பயந்தவர்கள், 'உடம்பு ஏறும் மாத்திரை' சாப்பிடுபவர்கள். ஒல்லியான பையன்கள், சில பெண்களும்கூட. பெயர் இல்லாத டப்பாவில் வரும் இந்த மாத்திரைகளில் பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடினும், டெக்ஸாமெதாசோனும் கலந்திருப்பது நம் நாட்டில் தெரிந்த விஷயம். டெக்ஸாமெதாசோனும் ஸ்டீராய்டுதான், ஆனால் தசையை வளர்ப்பதற்கு நேர் எதிரான வகை. முகம் உருண்டு கன்னம் உப்பும், அதைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உள்ளே தசையும் எலும்பும் கரைந்துகொண்டிருக்கும். மாதக்கணக்கில் போனால் இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துவிடலாம். தொடை இடுக்கில் வலி, தரையில் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை, நடந்தால் நொண்டுகிறது என்று இளவயதில் ஒருவர் சொன்னால் நான் உடனே எம்.ஆர்.ஐ.க்கு எழுதச் சொல்கிறேன். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: இந்த மாத்திரையைப் பல வாரம் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மூட்டைத் தாண்டி இன்னொன்று இருக்கிறது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1850 மீட்டர், ஊட்டி 2240. இந்த உயரத்தில் ரத்தச் சிவப்பணு சமவெளிக்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். டெஸ்டோஸ்டிரோனும் சிவப்பணுவைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கெட்டியாகிறது. முறைப்படி டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை எடுப்பவர்களுக்கே ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் ஊசியை நிறுத்துவார்கள். அடிக்கடி தலைவலி, முகச் சிவப்பு என்றால் இஞ்சி டீ குடித்துச் சமாளிக்காமல் ரத்தம் எடுத்துப் பாருங்கள், அதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா புரோட்டீனில் சிறு பங்குகூட இல்லை.

பரிசோதனை என்றதும் பையன்கள் சாயங்காலம் ஜிம் முடித்து வியர்வையோடு லேபுக்குப் போகிறார்கள். அதில் பிரயோஜனம் இல்லை. டெஸ்டோஸ்டிரோனைக் காலையில், பத்து மணிக்கு முன்னால், வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும். அதோடு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை), ரத்த அணுக்கள், கொழுப்பு, கல்லீரல். கடுமையாக எடை தூக்கிய மறுநாள் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் தசையிலிருந்தே ஏறும், கல்லீரல் போய்விட்டது என்று அலறுவதும் உண்டு, "அது ஒர்க்அவுட்னாலதான்" என்று உண்மையான கோளாறைத் தள்ளிவிடுவதும் உண்டு. ஒரு வாரம் ஓய்வு விட்டு எடுங்கள், தசையிலிருந்து ஏறாத ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதியையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே குப்பியை நாலு பேர் பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் பார்த்தே ஆக வேண்டும். புது ஊசிதான் போட்டோம் என்பார்கள். போட்ட ஊசியையே திரும்பக் குப்பிக்குள் விட்டீர்களா என்று கேளுங்கள், தலையைச் சொறிவார்கள்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பையன்களின் அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டை மூடச் செய்வது ஈஸ்ட்ரோஜன். ஊசி டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறும்போது அந்தத் தட்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும். ராணுவத்துக்குப் போக உயரம் போதவில்லையே என்று இருக்கும் பையன் உடம்பு ஏற்ற ஊசி போட்டால், வளர வேண்டிய மிச்ச உயரத்தையும் இழப்பான். அப்புறம் எந்த டானிக்கும் உதவாது.

ஊசியை விட்டவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி அவர்களுக்குப் பிடிக்காது. தூக்கும் எடையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குவேன். தூக்குவதைவிட இறக்குவதை மெதுவாக, நாலு எண்ணி இறக்கச் சொல்வேன், தசைநாணுக்கு அந்த மெதுவான சுமை பிடிக்கும். குன்னூர் ஜனவரிக் காலையில் நேராக பாருக்கு அடியில் போய்ப் படுக்கக் கூடாது, உடம்பு சூடேறும் வரை நடை, கயிறு, லேசான செட்கள். கண்ணாடியில் உடம்பு இறங்குவதைப் பார்த்து அழுத பையன்கள் உண்டு. அந்த மாதங்களில் வீட்டில் யாராவது ஒருவருக்கு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று சொன்னால் ஹார்மோன் ஏறாது. சொந்த ஹார்மோனை மறுபடி சுரக்க வைக்கும் என்று ஜிம்மில் யாரோ சொன்ன அளவில் க்ளோமிஃபீனும் டாமாக்ஸிஃபெனும் வாங்கிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். அவை உதவக்கூடிய இடம் உண்டு, அதை ரத்த அறிக்கை பார்த்து ஹார்மோன் மருத்துவர் (எண்டோகிரைனாலஜிஸ்ட்) முடிவு செய்யட்டும்.

எங்கேயாவது 'டப்' என்று கேட்டாலோ, திடீரென்று நீலம் பாய்ந்தாலோ, ஊசி போட்ட இடம் சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, எண்ணெய் நீவுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை. போகும்போது காலிக் குப்பி, மாத்திரை அட்டை, பாதி கிழிந்த லேபிள், எது கையில் இருக்கிறதோ அதை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் தப்பாகச் சொன்னால் டாக்டர் வேறு மருந்தை நினைத்துக்கொள்வார். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் அதைச் செலுத்தும் டாக்டரிடமும் கவரைக் காட்டுங்கள்.